பப் க்விஸுக்கு முதல்முறை போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வேலைக்கு வந்த மூன்றாவது வாரம், எங்கள் டீமில் ஒருவர், செவ்வாய்க்கிழமை ராத்திரி பப்பில் க்விஸ் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் வினாடி வினா என்றால் முதலில் கை தூக்கிய ஆள் நான். தலைநகரம், நாணயம், நோபல் பரிசு எல்லாம் தலைகீழ்ப் பாடம். இதென்ன பெரிய விஷயம் என்று தலையாட்டிவிட்டுப் போனேன். இரண்டரை மணி நேரத்தில் அறுபது கேள்விகள், அதில் நான் உருப்படியாகச் சொன்னது மூன்று. மற்ற நேரமெல்லாம் ஆரஞ்சு ஜூஸை உறிஞ்சிக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒன்றரை வருஷம் விடாமல் போனேன். பொது அறிவு என்று அங்கே கேட்பதில் பாதிக்கு மேல், பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் புகட்டும்போதே சேர்த்துப் புகட்டிவிட்ட சமாச்சாரம். ஆனால் அதிலும் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம்தான், உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். மிச்சத்தை மேசையில் இருக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரியாத நாலு கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னால் போதும், அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தப் பப், எத்தனை மணிக்கு

வெள்ளி, சனி பப்புகளில் கூட்டம் தானாக வரும். அதனால் க்விஸ் பெரும்பாலும் திங்கள் முதல் வியாழன் வரை, இல்லாவிட்டால் ஞாயிறு ராத்திரி. வாசலில் சாக்பீஸால் எழுதிய பலகை இருக்கும். போகும் முன் ஒரு போன் போட்டு நாலு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு டீமில் அதிகபட்சம் எத்தனை பேர் (பல இடங்களில் ஆறு), மேசையை முன்னாலேயே சொல்லி வைக்கலாமா, ஆளுக்கு எவ்வளவு, சமையலறை எத்தனை மணிக்கு மூடும்.

"ஹாஃப் செவன்" என்று சொன்னால் ஏழரை. நம்முடைய அதே ஏழரைதான், சனி மட்டும் கிடையாது. எட்டு மணிக்குத் தொடங்கும் க்விஸுக்கு ஏழே காலுக்காவது போய்விடுங்கள். எட்டுக்குப் போனால் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசைதான் மிஞ்சும், அங்கே கேள்வி பாதிதான் காதில் விழும்.

மாணவர்கள் அதிகம் இருக்கும் பகுதியில் ஒரு மாதிரிக் கேள்வி வரும், வயதானவர்கள் காலங்காலமாக வரும் தெருமுனைப் பப்பில் வேறு மாதிரி. இரண்டாவது வகைக்கு நேராகப் போனால் 1970களின் பாட்டுகளில் மூழ்கிவிடுவீர்கள். அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகத் தயங்க வேண்டாம். பாரில் நிற்பவரிடம், நான் தனியாக வந்திருக்கிறேன், ஆள் குறைவாக இருக்கும் டீம் ஏதாவது உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் எங்காவது சேர்த்துவிடுவார்கள்.

2. கையில் என்ன இருக்க வேண்டும்

மது வாங்கப் போகிறீர்கள் என்றால் வயதுச் சான்று. சட்டப்படி 18 வயது ஆகியிருந்தால் போதும், ஆனால் பார்க்க 25க்குக் கீழே தெரிந்தாலே அட்டையைக் காட்டச் சொல்வது பல பப்புகளின் வழக்கம். என்னோடு வந்த பையனுக்கு 27 வயது, தாடி இல்லாத முகம், ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படத்தை நம்பிப் போகாதீர்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நம் ஊர் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மன்னிக்கணும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. விசாவும் இப்போது இணையக் கணக்காகிவிட்டதால் எடுத்து நீட்ட அட்டை என்று ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது ஒரிஜினல் பாஸ்போர்ட். அதை ராத்திரி பப்புக்குக் கொண்டுபோய்த் தொலைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே பிரிட்டனின் தற்காலிக டிரைவிங் லைசென்ஸுக்கு, அதாவது நம் எல்எல்ஆர் மாதிரி ஒன்றுக்கு, இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். நான் கட்டியது 34 பவுண்ட். குறைந்தது 185 நாள் தங்க அனுமதி இருக்க வேண்டும். கார் ஓட்டவே போவதில்லை என்றாலும் பரவாயில்லை, எல்லா இடத்திலும் செல்லும் அடையாள அட்டையாக அது ஒன்றே உதவும்.

அப்புறம் ஒரு பேனா. மேசையில் கொடுக்கும் பேனா எழுதாது. நுழைவுப் பணத்துக்குச் சில்லறை, ஏனென்றால் பாரில் கார்டு வாங்கினாலும் க்விஸ்மாஸ்டர் டப்பாவைத்தான் நீட்டுவார்.

3. செலவு எவ்வளவு ஆகும்

நுழைவு ஆளுக்கு 1 அல்லது 2 பவுண்ட். செலவு ஏறுவது அதில் இல்லை. "ரவுண்ட்" என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு அர்த்தம்: கேள்விச் சுற்று ஒன்று, குடிச் சுற்று ஒன்று. ஒருவர் எழுந்து போய் மேசையில் இருக்கும் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். அந்த வரிசையில் நீங்கள் சேர்ந்துவிட்டால் உங்கள் முறையும் வரும். ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு பைன்ட் (ஒரு பெரிய கிளாஸ் பீர்) என்றால் 30 பவுண்ட் சர்வசாதாரணமாகப் போகும். நான் முதல் வாரம் ஒரு ஆரஞ்சு ஜூஸை ஓசியில் வாங்கிக் குடித்துவிட்டு, பதிலுக்கு ஐந்து பைன்ட் வாங்கிக் கொடுத்தேன். உட்காரும்போதே, நான் குடிப்பதில்லை, என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சொல்லாமல் நழுவுவதுதான் அங்கே பெயரைக் கெடுக்கும்.

குடிக்காதவர்களுக்கு மலிவானது லைம் சோடா. ஜூஸ் என்றால் சின்ன பாட்டிலுக்கே நல்ல விலை.

மேசைக்கு யாரும் வந்து ஆர்டர் எடுக்கமாட்டார்கள். இது தெரியாமல் இருபது நிமிஷம் சர்வர் வருவார் என்று காத்திருந்தேன். பாருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்துவிட்டு, கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். டிப்ஸ் தேவையில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் க்விஸ் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பாதியில் பசித்தால் வேர்க்கடலைப் பாக்கெட்தான். இதையெல்லாம் பழகிய பிறகு, சிப்ஸையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 10 பவுண்டுக்குள் முடித்துக்கொள்கிறேன்.

4. மேசையில் என்ன நடக்கும்

பணம் கொடுத்ததும் ஒரு விடைத்தாள், ஒரு படத்தாள் தருவார்கள். டீமுக்குப் பெயர் வைப்பதில் பத்து நிமிஷம் போகும், பெரும்பாலும் ஏதாவது சிலேடையாக இருக்கும், புரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படத்தாளில் பிரபலங்களின் சிறு வயது முகங்கள், கொடிகள், கம்பெனிச் சின்னங்கள் வரும். ஒருமுறை சாக்லேட் பார்களைக் குறுக்கே வெட்டி எடுத்த பத்துப் படங்களைக் கொடுத்து, எது எது என்று கேட்டார்கள். எனக்குப் பத்தும் ஒரே மாதிரி பழுப்பாகத் தெரிந்தன. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கண்ணாடியைக் கூடப் போடாமல் ஒன்பது சொன்னார். கொடி வந்தால் தாளை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள், முகம் வந்தால் தள்ளிவிடுங்கள். இந்தத் தாளை அப்போதே முடிக்க வேண்டியதில்லை, இடைவேளை வரை நேரம் இருக்கும்.

பிறகு ஐந்தாறு சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி. பாட்டுச் சுற்றில் சில நொடி ஓடவிட்டு நிறுத்துவார்கள், பாடியவருக்கு ஒரு புள்ளி, பாட்டின் பெயருக்கு ஒரு புள்ளி. சில இடங்களில் "ஜோக்கர்" உண்டு, ஏதாவது ஒரு சுற்றில் புள்ளி இரட்டிப்பாகும், ஆனால் எந்தச் சுற்று என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். "வைப் அவுட்" என்று அறிவித்தால் உஷார்! அந்தச் சுற்றில் ஒரு விடை தப்பானாலும் மொத்தமும் பூஜ்யம், தெரியாததை வெறுமையாக விட வேண்டும். மற்ற சுற்றுகளில் நேர்மாறு, தப்புக்குப் புள்ளி குறையாது, எதையாவது எழுதி வையுங்கள்.

சமநிலை வந்தால் எண்ணைக் கேட்பார்கள், அருகில் வருபவர் ஜெயிப்பார். லண்டன் தீவிபத்து நினைவுத்தூணில் எத்தனை படி என்று ஒருமுறை கேட்டார்கள். 311. நாங்கள் எழுதியது 202, அது அடிக்கணக்கில் அந்தத் தூணின் உயரம்.

5. கேள்வியைச் சரியாகக் காதில் வாங்குவது

நமக்கு ஊர்ப்பெயர்கள் எழுத்தில்தான் பழக்கம். க்விஸ்மாஸ்டர் "வூஸ்டர்" என்றதும் அப்படி ஒரு ஊரே நான் கேட்டதில்லை என்று பேசாமல் இருந்தேன். எழுத்தைப் பார்த்து நான் மனசுக்குள் "வொர்செஸ்டர்" என்று படித்து வைத்திருந்த அதே ஊர்தான். லெஸ்டர், க்ளாஸ்டர் கதையும் இதேதான். கேள்வியை இரண்டு தடவை படிப்பார்கள், சுற்று முடிந்ததும் எந்தக் கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது கூச்சப்படாமல் எண்ணைச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் இங்கிலாந்து, பிரிட்டன், ஐக்கிய முடியரசு என்ற மூன்றையும் ஒன்றாக நினைப்பது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது பிரிட்டன், அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால் ஐக்கிய முடியரசு. மிக உயரமான மலை என்றால் ஐக்கிய முடியரசுக்கு பென் நெவிஸ், 1,345 மீட்டர், ஸ்காட்லாந்தில் இருக்கிறது. வேல்ஸுக்கு ஸ்னோடன், 1,085. இங்கிலாந்துக்கு ஸ்காஃபெல் பைக், 978. ஏரியும் அப்படித்தான். ஐக்கிய முடியரசின் மிகப் பெரிய ஏரி வட அயர்லாந்தின் லாக் நே, இங்கிலாந்து மட்டும் என்றால் விண்டர்மியர். கேள்வியில் எந்தச் சொல் வந்தது என்பதை ஓரத்தில் குறித்து வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆங்கிலேயர்களே இதில் சறுக்குவார்கள்.

6. மனப்பாடம் செய்ய வேண்டியது

முதலில் உங்கள் பர்ஸைத் திறங்கள். 5 பவுண்ட் நோட்டின் பின்பக்கம் சர்ச்சில், 10இல் ஜேன் ஆஸ்டின், 20இல் ஓவியர் டர்னர், 50இல் ஆலன் டூரிங். 20, 50 பென்ஸ் காசுகளுக்கு ஏழு பக்கம், புது ஒரு பவுண்ட் காசுக்குப் பன்னிரண்டு. தினமும் கையில் புரளும் பொருள், ஆனாலும் மேசையில் பாதிப் பேர் திணறுவார்கள்.

ராஜாக்களில் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகள் இல்லாமல் க்விஸ் இல்லை. விவாகரத்து, தலைவெட்டு, மரணம், விவாகரத்து, தலைவெட்டு, தப்பியவர் என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். 66இல் முடியும் மூன்று ஆண்டுகள் மாறிமாறி வரும்: 1066 ஹேஸ்டிங்ஸ் போர், 1666 லண்டன் தீவிபத்து (தொடங்கியது புட்டிங் லேன் பேக்கரியில்), 1966 கால்பந்து உலகக் கோப்பை (இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றது, ஜெஃப் ஹர்ஸ்ட் மூன்று கோல்). விக்டோரியா ஆண்டது 63 ஆண்டு, இரண்டாம் எலிசபெத் 70. காவல் புனிதர் நாட்கள்: வேல்ஸின் டேவிட் மார்ச் 1, அயர்லாந்தின் பேட்ரிக் மார்ச் 17, இங்கிலாந்தின் ஜார்ஜ் ஏப்ரல் 23, ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ நவம்பர் 30.

விளையாட்டில், பப்பிலேயே மாட்டியிருக்கும் டார்ட் பலகையைப் பாருங்கள். உச்சியில் 20, அதன் இருபுறமும் 5, 1. ஸ்னூக்கர் மேசையில் வெள்ளையையும் சேர்த்து 22 பந்து, அதிகபட்ச ஆட்டம் 147. மோனோபலியின் லண்டன் பலகையில் மலிவான தெருக்கள் ஓல்ட் கென்ட் ரோடும் வைட்சேப்பல் ரோடும், விலை உயர்ந்தது மேஃபேர். யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ஐக்கிய முடியரசு ஐந்து முறை வென்றது, கடைசியாக 1997இல். தொலைக்காட்சி நெடுந்தொடர் என்றால் அவற்றில் வரும் பப்பின் பெயரைத்தான் கேட்பார்கள்: கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் ரோவர்ஸ் ரிட்டர்ன், ஈஸ்ட்எண்டர்ஸில் குயின் விக், எமர்டேலில் வூல்பேக். ஒரு எபிசோட்கூட நான் பார்த்ததில்லை, மூன்று பெயரையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

தந்திரக் கேள்விகள் தனி. நூறாண்டுப் போர் நடந்தது 116 ஆண்டு. பனாமா தொப்பி ஈக்வடாருடையது. விமானத்தின் கறுப்புப் பெட்டி ஆரஞ்சு நிறம். மிக வெப்பமான கோள் வெள்ளி, புதன் அல்ல. மிகப் பெரிய பாலைவனம் அண்டார்டிகா. எனக்குப் பிடித்தது இது: மேக்கரல், அதாவது நம் கானாங்கெளுத்தி மாதிரி மீன், அதன் ஆங்கிலப் பெயரில் இருக்கும் ஓர் எழுத்துகூட வராத ஒரே லண்டன் பாதாள ரயில் நிலையம் எது? செயின்ட் ஜான்ஸ் வுட். முதன்முதலில் இதைக் கேட்டபோது ஆறு பேரும் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நிலையமாக எழுதி அடித்துக்கொண்டிருந்தோம்.

படிக்க எத்தனை நாள் ஆகும்? எனக்கு ஆறு வாரம், தினமும் பஸ்ஸில் இருபது நிமிஷம். நூலகத்தில் உறுப்பினர் அட்டை இலவசம், முகவரிச் சான்று கேட்டால் வங்கிக் கடிதம் போதும், க்விஸ் புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருக்கும். சாயங்காலம் வரும் டிவி க்விஸ் நிகழ்ச்சிகளும் நல்ல பயிற்சி, ஆனால் நேரலையாக எந்தச் சேனலைப் பார்த்தாலும், லேப்டாப்பில் பார்த்தாலும்கூட, டிவி லைசென்ஸ் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல். இந்த ஒரு காரணத்துக்காக அதை வாங்காதீர்கள்.

7. நம்மிடம் இருக்கும் சரக்கு

தலைநகரங்களை நம் ஆட்கள் விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு கான்பெரா, துருக்கிக்கு அங்காரா, மியான்மருக்கு நேபிடாவ், 2022இல் பழைய பெயருக்கே திரும்பிய கஜகஸ்தானின் அஸ்தானா. வேதிக் குறியீடுகளும் பத்தாம் வகுப்பிலேயே ஊறிப்போனவை, டங்ஸ்டனுக்கு டபிள்யூ, பொட்டாசியத்துக்கு கே. கிரிக்கெட்டில் பிராட்மனின் 99.94, முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட், 1956இல் ஓல்ட் டிராஃபோர்டில் ஜிம் லேக்கர் எடுத்த 19. ஸ்னூக்கர் பிறந்த நாடு எது என்றால் மேசையே இங்கிலாந்து என்று கத்தும். இந்தியா. 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தொடங்கியது, விதிகளை ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள் என்பார்கள்.

இலங்கையின் தலைநகரம் கேட்டால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்று எழுதுங்கள். க்விஸ்மாஸ்டர் தாளில் கொழும்பு என்று இருந்தால் அன்றைக்கு அதுதான் சரி. எங்கள் மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் எழுந்து நின்று வாதாடிப் பார்த்தார், பாவம். க்விஸ்மாஸ்டர் சொன்னதே முடிவு.

மேசைக்குள் நடக்கும் வாதம் வேறு. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, கேட்டமரான் என்ற சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேள்வி. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, தமிழ், கட்டுமரம் என்றேன். எதிரே இருந்தவர், இல்லை, அது ஹவாய்ப் பக்கத்துப் படகு, நான் விடுமுறையில் போய் ஏறியே இருக்கிறேன் என்றார், குரலும் கொஞ்சம் பெரிசு. பேனா அவர் கையில். நான் எழுதிய "தமிழ்" என்பதை அடித்துவிட்டு "ஹவாய்" என்று எழுதினார். ஒருவேளை ஆங்கிலத்துக்கு வேறு வழியாக வந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் தட்டி, வாயை மூடிக்கொண்டேன். அன்று ஒரு புள்ளியில் இரண்டாமிடம்.

அதிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு: விடை சொல்கிறவர், எத்தனை சதவீதம் நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய சதவீதம் ஜெயிக்கும். பேனாவைப் பேச்சு குறைந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். சில மாதம் கழித்து மிளகுத்தண்ணீர் என்று பொருள்படும் சூப் எது என்று கேட்டார்கள். முல்லிகாடானி, நூறு சதவீதம் என்றேன். ஹவாய்க்காரர் மறுபேச்சுப் பேசாமல் எழுதினார்.

8. போன்

வெளியே எடுக்கவே வேண்டாம். மொழிபெயர்ப்புப் பார்க்கக் கூட எடுக்காதீர்கள், திரை வெளிச்சம் முகத்தில் பட்டாலே பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும், டீமையே நீக்கிவிடும் இடங்கள் உண்டு. வீட்டிலிருந்து அழைப்பு வருமே என்று கவலை வேண்டாம். கோடையில் இங்கே ராத்திரி ஒன்பது என்றால் ஊரில் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அம்மா தூங்கியிருப்பார்.

9. திருத்தம், ஜாக்பாட், பரிசு

விடைத்தாளைப் பக்கத்து மேசையோடு மாற்றித் திருத்துவார்கள். எழுத்துப்பிழைக்குப் பெரும்பாலும் புள்ளி போகாது, ஆனால் கையெழுத்து புரியாவிட்டால் போகும். திரும்பி வந்ததும் கூட்டலைச் சரிபாருங்கள், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, மூன்றாவது பைன்ட்டுக்குப் பிறகு யாருக்கும் கூட்டல் வராது.

ஜாக்பாட்டுக்குத் தனியாக 1 பவுண்ட் சீட்டு. யாரும் வெல்லாவிட்டால் தொகை அடுத்த வாரத்தோடு சேரும். முதல் மாதம் வாங்க வேண்டாம், தொகை பெருத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து வையுங்கள், முடிவு அறிவிக்கப் பத்தரை தாண்டும்.

முதல் பரிசு சில இடங்களில் ரொக்கம், பல இடங்களில் அதே பப்பில் செலவழிக்கும் வவுச்சர். நாங்கள் ஜெயித்தது இதுவரை ஒரே ஒரு தடவை, 40 பவுண்ட் வவுச்சர். பத்திரமாக இருக்கட்டும் என்று என் பர்ஸில் வைத்தார்கள். ஐந்து வாரம் கழித்து எல்லோரும் சேர்ந்து வந்த அன்று பெருமையாக எடுத்து நீட்டினேன். பாரில் இருந்த பெண் அதைத் திருப்பிக் காட்டினார், பின்பக்கம் பொடி எழுத்தில் 28 நாள் என்று போட்டிருந்தது. வாங்கிய கையோடு பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். சமையலறை திறந்திருந்தால் அன்றைக்கே சிப்ஸாக மாற்றிவிடுங்கள்.